நகரும் மேடைக்கு ஒரு மானியம்

திருக்கோகர்ணம்
5-2-1958

அன்புள்ள தங்கை செங்கமலத்துக்கு அண்ணன் சிவசாமி எழுதுவது.

நேற்று மாலை புதுக்கோட்டையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. கிராமக் கலைத்தொழில் உதவிக் குழு தன் மூன்றாவது கூட்டத்தில், கூட்ட மேசைமேல் விரிக்கும் துணி பச்சை நிறத்தில் இருக்கவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. முதல் கூட்டத்தில் நீலம் என்று ஒரு கட்சியும் வெள்ளை என்று ஒரு கட்சியும் எழுந்தன. இரண்டாவது கூட்டம் அந்த மனத்தாங்கலில் கூடாமலே போயிற்று. பச்சை இரு தரப்புக்கும் பிடிக்காத நிறம் என்பதால் சமரசம் எளிதாக முடிந்தது. குழுவின் எழுத்தர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது. துணி வாங்க இந்த வருஷம் பணம் ஒதுக்கவில்லை.

நேரம் மிஞ்சியதால் மானியத்தைப் பற்றியும் பேசினார்கள். சொந்த யோசனையில் ஒரு கலைத்தொழிலை நடத்தி, அதனால் தம் ஊர் மக்களை ஒன்றுசேர்க்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. அப்படி யாராவது இருக்கிறார்களா என்று உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு உன் மேடை ஞாபகம் வந்தது.

நான் எழுத்தர், நீ என் தங்கை. ஆகவே உனக்காக நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். ஆனால் விண்ணப்பம் எப்படி எழுதவேண்டும் என்று சொல்லலாம். மேடை என்ன, அதனால் ஊருக்கு என்ன ஆயிற்று என்று உன் வாக்கில் எழுதி அனுப்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் மதினிக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
சிவசாமி


ஈச்சவயல்
14-2-1958

அண்ணனுக்கு செங்கமலம் எழுதுவது. உங்கள் மேசைத் துணிக்கு நல்ல காலம் பிறக்கட்டும்.

விண்ணப்பம் எழுதத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன், நீங்கள் உங்கள் பாஷையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த ஊரில் திருவிழா நாடகம் மேலத்தெருக் கொட்டகையில்தான் நடக்கும். கீழத்தெருக்காரர்கள் வேலிக்கு அப்பால் நின்று கேட்பார்கள். பார்க்க முடியாது, கேட்கலாம். கீழத்தெருவில் ஒரு கொட்டகை போட்டால் மேலத்தெரு வராது. இரண்டு தெருவுக்கும் நடுவே தண்ணீர் இல்லாத குளம் கிடக்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லை. அங்கே நிரந்தரமாக எதைக் கட்டினாலும் மறுநாள் வெட்டுக்குத்து. அதனால், விடிந்ததும் கழற்றிக்கொண்டு போகிற மேடையாக இருந்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். "மேடையைக் கழட்டுனா மேடைன்னு யாருடி சொல்லுவா?" என்று சிரித்தார் உங்கள் மாப்பிள்ளை. வண்டி செய்கிற ஆசாரிக்குக் கீலும் முளையும் தெரியாதா? ஆறு மாதத்தில் செய்து முடித்தார். பலகைகள் மடியும், கால்கள் கழலும், எல்லாம் மூன்று மாட்டு வண்டியில் அடங்கும்.

திரைக்குத் துணி ஜெகதாப்பட்டினம் அபுபக்கர் ராவுத்தர் கொடுத்தார், தோணியின் பழைய பாய். நெல் அவிக்கும் அண்டாவில் நானே பச்சைச் சாயம் ஏற்றினேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சோறும் கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்தது.

மேடைக்கு இரண்டு முகம். ஒரு பாட்டை மேலத்தெருப் பக்கம் பாடினால் அடுத்ததைக் கீழத்தெருப் பக்கம் திரும்பிப் பாடவேண்டும். பபூன் மட்டும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவான். மூன்றாம் வருஷம், ஆர்மோனியம் இருக்கிற பக்கம்தான் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று கீழத்தெருக்காரர்கள் சிலர் சுற்றிக்கொண்டு வந்து மேலத்தெருப் பக்கம் உட்கார்ந்தார்கள். யாரும் எழுப்பவில்லை. போன வருஷம் யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஊருக்கு ஆனது அவ்வளவுதான்.

மற்ற நாளில் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வாடகைக்குப் போகிறது. வண்டி ஓட்டுவது கீழத்தெரு அடைக்கலம். அவர் மகள் கண்ணாத்தாளுக்கு வைகாசியில் கல்யாணம். இந்த மேடைமேல்தான் மணவறை என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். பலகைகள் தேய்ந்துவிட்டன. புதுப் பலகை போடாவிட்டால் அடுத்த வருஷம் ராஜா சிம்மாசனத்தோடு கீழே போய்விடுவார். அதற்குத்தான் உதவி வேண்டும்.

செங்கமலம்


திருக்கோகர்ணம்
10-3-1958

அன்புத் தங்கைக்கு,

உன் விண்ணப்பம் முதல் பரிசீலனையில் தேறிவிட்டது. வந்ததே ஒன்றுதான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

யோசனை யாருடையதோ அவரே குழுவின் முன் நேரில் வரவேண்டும். மார்ச்சு 28, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அந்த நாளைக் குறித்தவன் நான்தான். அரசாங்க விடுமுறை, தலைவரின் வீட்டு விசேஷம், ராகுகாலம் மூன்றையும் பார்த்துத்தான் குறித்தேன். எந்தத் தடையும் இல்லை.

சிவசாமி


ஈச்சவயல்
15-3-1958

அண்ணனுக்கு,

எந்தத் தடையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அம்மனை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

பங்குனி இரண்டாம் செவ்வாய், அதாவது 25ஆம் தேதி, ஊரில் காப்புக் கட்டு. காப்புக் கட்டிய பிறகு முளைப்பாரி கரைக்கும் வரை ஊரில் இருப்பவர் எவரும் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அம்மை வரும் என்பார்கள். நீங்கள் வருஷா வருஷம் கடைசி நாள் கறிச்சோற்றுக்கு வருகிறவர். அதனால் உங்களுக்குக் கடைசி நாள் மட்டும்தான் தெரியும்.

காப்புக்கு முன்பே வெளியூர் போய்விட்டால் குற்றமில்லை. ஆனால் போனால் திருவிழா முடியும் வரை திரும்ப முடியாது. மேடையைப் பூட்ட நான் வேண்டும். எந்தக் கால் எந்தக் குழி என்பது எனக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும்தான் தெரியும். அவர் ஒருவரால் ஆகாது.

ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஏப்ரல் 2 என்றால் நடந்தே வருகிறேன்.

செங்கமலம்


திருக்கோகர்ணம்
19-3-1958

தங்கைக்கு,

ஏப்ரல் 2 என்று ஒரு தேதி இந்த மானியத்துக்குக் கிடையாது. மார்ச்சு 31 மாலையோடு பணம் காலாவதி ஆகிவிடும். அதற்கு மேல் அது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அம்மனுக்கு நிதியாண்டு எப்போது?" என்று கேட்டார். அவருக்கு நகைச்சுவை உண்டு.

வருவதும் வராததும் உன் விருப்பம். பலகை தேய்ந்திருக்கிறது என்று எழுதியவள் நீ.

சிவசாமி


ஈச்சவயல்
30-3-1958

அண்ணனுக்கு,

நேற்று முன்தினம் உங்கள் ஆபீஸ் வராந்தாவில் நாம் அந்நியர்போல நின்றோம். அதனால் எழுதுகிறேன்.

கிழக்கு வெளுக்கும்போது புறப்பட்டேன். எல்லைக்கல் பக்கம் அடைக்கலம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். நின்றுவிட்டேன். திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார், கட்டியிருந்த புதுச் சேலையைப் பார்த்தார்.

"பலகைக்காகவா ஆத்தா?"

"ஆமாங்க."

"மேடை இத்துப் போச்சுன்னா நாங்க மறுபடி வேலிக்கு அங்கிட்டுத்தான் நிக்கணும். போயிட்டு வா. நான் மாட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன், ஒன்னப் பாக்கல."

என்று சொல்லி முதுகைக் காட்டி நின்றார். நான் கல்லைத் தாண்டினேன்.

உங்கள் குழு என்னை இரண்டு கேள்வி கேட்டது. மேடைக்குப் பச்சை வர்ணம் அடிக்க முடியுமா என்று ஒருவர். மேடை எதற்காக நகரவேண்டும் என்று இன்னொருவர். "ஊரு நகர மாட்டேங்குதுங்க, அதனால மேடை நகருது" என்றேன். சிரித்தார்கள். நீங்கள் மட்டும் குனிந்து எழுதினீர்கள். பிறகு, இனிமேல் விதிக்கப்போகிற நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்ற தாளில் கையெழுத்து வாங்கினீர்கள். என்ன நிபந்தனை என்று கேட்டேன். இன்னும் விதிக்கவில்லை என்றீர்கள்.

பொழுது சாயும் முன் திரும்பிவிட்டேன். வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தலைவலி என்று மாமியாரிடம் உங்கள் மாப்பிள்ளை சொல்லி வைத்திருந்தார். நாளை மறுநாள் நாடகம். நீங்களும் மதினியும் வாருங்கள்.

செங்கமலம்


(அஞ்சல் அட்டை)

ஈச்சவயல்
14-4-1958

அண்ணனுக்கு. திருவிழாக் கடைசி நாளில் கண்ணாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. அம்மை. நேற்றுக் காலை போய்விட்டாள். கீழத்தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறது. இப்போது யாரும் இங்கே வரவேண்டாம், குழுவிலிருந்தும் வேண்டாம். கார்டு என்பதால் மற்றதை எழுதவில்லை. செங்கமலம்.


திருக்கோகர்ணம்
24-4-1958

அன்புத் தங்கைக்கு,

கார்டு கிடைத்தது. வருத்தம். திருவிழா அன்று சாப்பாடு பரிமாறும்போது அந்தப் பெண் எனக்கு இரண்டு முறை ரசம் ஊற்றினாள் என்று உன் மதினி சொல்கிறாள். நான் முகத்தைக் கவனிக்கவில்லை.

மானியம் மார்ச்சு 31 மாலை ஐந்து மணிக்கு முன் அனுமதிக்கப்பட்டது. ஒரு நிபந்தனை. நகரும் பொருளுக்குக் கொடுத்தால் அது நகர்ந்துவிடக்கூடும் என்று தணிக்கைக்காரர்கள் ஆட்சேபித்ததால், மேடையைத் தரையில் சிமிட்டியால் பதிக்கவேண்டும். பதித்த பிறகு புதுப் பலகை போட்டுத் தரப்படும். மேடையும் அதைச் சேர்ந்த பொருள்களும் அன்று முதல் குழுவின் பொறுப்பில் இருக்கும். நீ கையெழுத்திட்ட தாளில் இது அடங்குகிறது.

அடிக்கல் நாட்டத் தலைவரே வருகிறார். உன் கார்டை முன்னிட்டு இரண்டு வாரம் தள்ளி மே 9 என்று வைத்திருக்கிறோம். உரையை நான்தான் எழுதினேன். குழுவின் சரித்திரத்தில் முதல் பயனாளி என் தங்கை. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை அரசாங்கச் செலவில் சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது.

சிவசாமி


ஈச்சவயல்
12-5-1958

அண்ணனுக்கு,

உங்கள் உரை நன்றாக இருந்தது. தலைவர் தடுமாறாமல் படித்தார்.

"காப்புக் கட்டியிருந்தும், மூடப்பழக்கத்தைக் காலால் உதைத்து, ஊர் எல்லையைத் தாண்டி எங்கள் குழுவின் முன் வந்து நின்ற வீராங்கனை" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார், கைதட்டலுக்கு. அவரோடு வந்த டிரைவர் தட்டினார். கூட்டத்தில் இரண்டு தெருவும் இருந்தது. துக்கம் நடந்த வீட்டுக்காரர்களும் மரியாதைக்காக வந்திருந்தார்கள். மாலையைத் தலைவர் என் கழுத்தில் போட்டார். நான் கழற்றவில்லை.

கூட்டம் கலையவில்லை. அடைக்கலத்தின் பெண்சாதி எழுந்து வந்தாள். என்னிடம் வருகிறாள் என்றுதான் நினைத்தேன். என்னைத் தாண்டிப் புருஷனிடம் போனாள்.

"அன்னிக்கு எல்லையில மாடு மேச்சது நீதான? இவளப் பாத்தியா?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"பாத்தியாய்யா?"

"பாத்தேன். நாந்தான் போகச் சொன்னேன்."

"எம்புள்ளயக் குடுத்துப் பலக வாங்கிட்டு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தலைவர் இது என்ன சடங்கு என்று உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டார்.

இப்போது கீழத்தெரு எங்களோடு பேசுவதில்லை. மேலத்தெரு அன்பாகப் பேசுகிறது, அது இன்னும் கொடுமை. "கீழத்தெருவுல விழுந்ததோட ஆத்தா நிப்பாட்டிக்கிட்டா, ஒரு வகையில நல்லதுதான்" என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

காப்பைப் பற்றி உங்கள் ஒருவருக்குத்தான் எழுதியிருந்தேன். அதைப் பாராட்டு என்று நினைத்தீர்களா? அம்மனை நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் போகும்போது நம்பவில்லை.

செங்கமலம்


திருக்கோகர்ணம்
17-5-1958

தங்கைக்கு,

சுகாதார உதவியாளர் ஒருவரை விசாரித்தேன். அம்மை தொற்றிய பிறகு காய்ச்சலாக வெளிப்பட ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆகுமாம். நீ எல்லை தாண்டி நாலாம் நாளே அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஆகவே நீ புறப்படும் முன்பே நோய் ஊரில் இருந்தது என்பது விஞ்ஞானப்படி நிச்சயம். இதை எழுத்தில் வாங்கி முத்திரையோடு அனுப்புகிறேன். ஊர்ச் சாவடியில் ஒட்டிவிடலாம்.

உரையைப் பொறுத்தவரை, அதைத் தயாரிப்பது எழுத்தரின் கடமைகளில் ஒன்று.

மாமியார் உன்னைப் பேசுகிறாளா? ஒரு வாரம் இங்கே வந்து இரேன். உன் மதினி சொல்லச் சொன்னாள்.

சிவசாமி


ஈச்சவயல்
9-6-1958

அண்ணனுக்கு,

முத்திரைத் தாளை ஒட்டவேண்டாம். மகளைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பன்னிரண்டு நாள் கணக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஓவர்சியர் வந்து மேடையைப் பதித்துவிட்டார். குளத்துக்குள் கட்ட உத்தரவில்லை என்று மேலத்தெருக் கொட்டகையை ஒட்டிக் குழி வெட்டினார். பின்பக்கம் சுவர் எழுப்பினால்தான் கட்டடக் கணக்கில் வருமாம், எழுப்பினார். மேடைக்கு இப்போது ஒரே முகம். முதுகு கீழத்தெருவைப் பார்க்கிறது. நான் குறுக்கே நின்று சொன்னேன். "பிளான்ல ஒரு பக்கம்தாம்மா போட்டிருக்கு, நானா போட்டேன்?" என்றார். நல்ல மனிதர், தண்ணீர் வாங்கிக் குடித்தார். புதுப் பலகை உண்மையாகவே உயர்ந்த பலகை.

சிமிட்டி காயும் முன்னே அபுபக்கர் ராவுத்தர் வந்தார். தர்காவில் கந்தூரி, ராத்திரிக் கச்சேரிக்கு மேடை வேண்டும், இந்த வருஷம் மட்டுமில்லை, வருஷா வருஷம் வேண்டும் என்றார். இந்த ஊர் வேண்டாம் என்ற மேடையைக் கேட்டு வந்த ஒரே மனிதர். சுற்றி வந்து பார்த்தார்.

"என்னம்மா, தோணியக் கொண்டாந்து தரையில நட்டு வச்ச மாதிரி நட்டு வச்சிருக்கீங்க?"

உங்கள் மாப்பிள்ளை பட்டறைக்குப் போய் ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

செங்கமலம்


திருக்கோகர்ணம்
13-6-1958

தங்கைக்கு,

மாப்பிள்ளையைத் தடுத்து நிறுத்து. அது இப்போது அவர் செய்த மேடை இல்லை, குழுவின் சொத்து. ஒரு காலை அறுத்தாலும் வழக்கு வரும், வழக்குத் தாளை எழுதவேண்டியவன் நான். என்னை அந்த நிலைக்குக் கொண்டுவராதீர்கள்.

சிவசாமி


ஈச்சவயல்
20-7-1958

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அறுத்துவிட்டார். சிமிட்டிக்கு மேலே எல்லாக் காலையும் அறுத்து, பலகையை மடித்து, வண்டிக்கு ஆள் தேடினார். ஒருவரும் வரவில்லை. அடைக்கலம் மட்டும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். பெண்சாதி தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாங்க, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று நான்தான் அனுப்பிவைத்தேன். அவருக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கால் குட்டையான மேடை, பூட்டிப் பார்த்தால் நிற்கவில்லை. கீல் எல்லாம் வேறு உயரத்துக்குச் செய்தது. ஆறு மாதம் உட்கார்ந்து செய்தவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் அறுத்திருக்கிறார். போலீஸ் வந்தது, நீங்கள் எழுதிய தாளோடு. கையெழுத்தை அடையாளம் தெரிந்தது. அவரை ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்திருந்து, எல்லாப் பொருளையும் ஒப்படைத்தால் வழக்கில்லை என்று விட்டார்கள்.

பலகைகளைச் சுவரோரம் சாத்திவிட்டோம். திரையைத் துவைத்து மடித்து நாளைய பஸ்ஸில் உங்கள் ஆபீஸ் முகவரிக்குப் போட்டு அனுப்புகிறேன். சாயம் இன்னும் போகவில்லை.

ராவுத்தர் தோணி பழுது பார்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜெகதாப்பட்டினம் போகிறோம். எனக்குக் கோபம் இருந்தது, அதுவும் போய்விட்டது. எழுத ஒன்றும் இல்லை. நீங்களும் எழுதவேண்டாம்.

செங்கமலம்


திருக்கோகர்ணம்
2-11-1958

அன்புத் தங்கைக்கு,

அபுபக்கர் ராவுத்தர் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். உன் மதினிக்கு முழங்கால் தேவலை. தீபாவளிக்கு உனக்கு எடுத்த சேலை இங்கேயே இருக்கிறது. பதில் ஒரு கார்டில் எழுதினாலும் போதும். மற்றதை எழுதவேண்டாம்.

சிவசாமி


திருக்கோகர்ணம்
18-3-1959

அன்புத் தங்கைக்கு,

நீ பதில் எழுதவில்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை, ஆகவே கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஈச்சவயலுக்கு ஆய்வுக்காகப் போகவேண்டி வந்தது. மேடையின் சுவருக்கு மேல் ஓடு போட்டு உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். சாவி மேலத்தெருவில் இருக்கிறது. இந்த வருஷம் நாடகம் இல்லை என்றார்கள். ஆண்டறிக்கையில் "நிரந்தரக் கட்டடம் ஒன்று, உபயோகத்தில் உள்ளது" என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. எல்லைக்கல் பக்கம் அடைக்கலத்தைப் பார்த்தேன். மாடுகளை விற்றுவிட்டாராம். சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரிந்துகொண்டாரா என்று சொல்ல முடியவில்லை. பேச வாயெடுத்தேன், பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நேற்றுக் குழு கூடியது. நிதியாண்டு முடிவதால் ஒப்படைக்கப்பட்ட பொருள்களைப் பைசல் செய்யவேண்டியிருந்தது. நீ அனுப்பிய பச்சைத் திரையைக் கூட்ட மேசைமேல் விரித்துப் பார்த்தோம். நீளம் சரியாக இருந்தது. அகலத்தில் மிஞ்சியதை வெட்டி இரண்டு ஜன்னலுக்கும் தைத்தாகிவிட்டது.

சிவசாமி